கருத்துக் கூற இயலவில்லை

டிசம்பர் 1, ஞாயிறு

மோட்டார் பழுது. காலையிலிருந்து குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வருகிறேன் என்று போனில் சொன்ன பிளம்பர் இருட்டும்வரை வரவில்லை. உலகம்மாள் பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கி வந்து சமைத்தாள். நான் ஏதோ மோட்டாரைக் கடித்துத் துப்பியதுபோல என்னைப் பார்க்கிறாள்.

மதியம் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. எங்கள் இயற்பியல் துறைத் தலைவர் சண்முகவடிவின் முகம். முகத்துக்குக் கீழே இருந்தது எழுதக்கூடியது அல்ல. வந்ததை அப்படியே அனுப்புகிறேன் என்று ஒருவன் குறிப்பு வேறு போட்டிருந்தான். சற்று நேரத்தில் குழுவை நடத்துகிறவன் அதை நீக்கிவிட்டான். நானும் உடனே அழித்துவிட்டேன். யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஆசிரியர் அறையில் ஒரே அமைதி. அமைதி என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று பொருள். ஆண்கள் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அறையில் இல்லவே இல்லை. என் துறையின் இளையவன் செல்வின் மட்டும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன சார், எச்.ஓ.டி. மேடம் வந்திருக்காக போல?" என்றான்.

வந்திருந்தார். வழக்கம்போல முதல் மணி வகுப்பு. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. குரல்கூட மாறவில்லை. துணிச்சல் என்று சிலர் சொல்லலாம். நான் அந்த அம்மையாரைப் பல காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் ஒட்டாத ரகம்.

எழுதி வைக்கிறேன், ஒருநாள் யாராவது படிக்கட்டும். இந்தக் கல்லூரியில் அவருக்கு முன்னால் சேர்ந்தவன் நான். அப்பா படுக்கையில் கிடந்தபோது சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். அந்த விடுப்பைப் பணிமூப்பில் சேர்க்க முடியாது என்று நிர்வாகம் ஒரு கடிதத்தில் முடித்துவிட்டது. பெற்றவரைப் பார்த்துக்கொண்டதற்குத் தண்டனை. அந்தக் கடிதம் வந்த அன்று சண்முகவடிவு என்னிடம் வந்து, "எனக்கே சங்கடமா இருக்கு சார்" என்றார். சங்கடத்தோடுதான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிளம்பர் வந்தான். வாஷர் போயிருந்ததாம்.

டிசம்பர் 4, புதன்

மூன்றாம் மணி முடிந்து வரும்போது ஆய்வகத்து வாசலில் நின்றிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க மேடம்."

"ஆயுத பூஜை அன்னைக்கு லேப்ல வச்சு நீங்க ஒரு போட்டோ எடுத்தீங்கல்ல? நான் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பொட்டு வைக்கும்போது. அந்த முகம்தான் சார் அது. அதே பூ, அதே சிரிப்பு. ஏதோ ஒரு ஆப்ல முகத்தைக் குடுத்தா மிச்சத்தை அதுவே செஞ்சு குடுத்திருதாம்."

நான் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடினேன்.

"துறை குரூப்ல நீங்க போட்டது சுருங்கின காப்பி. உங்க போன்ல இருக்கிற ஒரிஜினல் வேணும் சார். எடுத்த தேதி, நேரம் எல்லாம் அதுலதான் இருக்கும், அதைக் கொண்டாங்கன்னு சைபர் கிரைம்ல சொல்றாங்க."

"போன் மாத்திட்டேன் மேடம். பழசுல கிடக்கும். பாத்துத் தாரேன்."

"இன்னைக்கே கிடைச்சா நல்லது."

எப்போதும் அப்படித்தான். எல்லாமே இன்றைக்கே வேண்டும். உள்மதிப்பெண் பட்டியல், கால அட்டவணை, எல்லாம். வருகைப் பதிவு போதாது என்று இறுதியாண்டுப் பையன்கள் சிலரைத் தேர்வு எழுதவிடாமல் நிறுத்தினார், போன பருவத்தில். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. பகை எங்கிருந்து வரும் என்று பிறகு யோசித்து என்ன பயன்?

டிசம்பர் 6, வெள்ளி

ஆயுத பூஜைப் படத்தைத் தேடினேன். தேடினேன் என்பதுகூட அதிகம். போனைத் திறந்து தீபாவளிப் படங்களைத் தள்ளினால் அடுத்து அதுதான்.

நல்ல படம். பாராட்டு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் வலது கன்னத்தில் விழுகிறது, மூக்கின் நிழல் இடது பக்கம் சாய்கிறது. குழுவில் வந்த மற்றதையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஆசிரியன் என்ற முறையில். அதில் முகத்துக்கு வெளிச்சம் ஒரு பக்கமிருந்து, உடம்புக்கு எதிர்ப் பக்கமிருந்து. கழுத்துக்கு மேலே ஒரு சூரியன், கீழே வேறொரு சூரியன். கழுத்துச் சங்கிலி இடது பக்கம் ஏறி, தோளைத் தாண்டுமுன் காற்றில் கரைந்துவிடுகிறது. எந்திரம் எவ்வளவு வரைந்தாலும் நிழலில் மாட்டிக்கொள்கிறது. முப்பட்டகம் எது, லென்ஸ் எது என்று தெரிந்தவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 7, சனி

கேட்டுவிட்டார்கள். உண்மை அறியும் குழுவாம். முதல்வர் அழைத்துச் சொன்னார். ஆங்கிலத் துறை ரோஸ்லின் தலைவர், நான் உறுப்பினர், அலுவலகக் கண்காணிப்பாளர் தனுஷ்கோடி செயலர். "நீங்க சீனியர், நிதானமான ஆளு" என்றார் முதல்வர். நாற்காலி கொடுக்கும்போது இந்த சீனியர் எங்கே போயிருந்தார் என்று கேட்க நினைத்தேன். டீ வந்துவிட்டது.

டிசம்பர் 9, திங்கள்

முதல் கூட்டம். சண்முகவடிவின் புகார் வாசிக்கப்பட்டது. படம் செயற்கை நுண்ணறிவுச் செயலியால் செய்யப்பட்டது, அதை ஆராய்ந்து உண்மையைப் பதிவு செய்ய வேண்டும், அதுவரை பரப்புகிறவர்கள்மீது நடவடிக்கை வேண்டும். ஒரே பக்கம். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை.

அடுத்து தனுஷ்கோடி தொண்டையைக் கனைத்தார். "படத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைக்கணும்."

ரோஸ்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்குங்க பிரிண்ட்? அதைப் பரப்பக் கூடாதுன்னுதான புகாரே?"

"மேடம், எதை விசாரிச்சோம்னு ஃபைல்ல இருக்கணும்லா? நாளைக்கு ஆடிட்ல வந்து, எந்தப் படம், படம் எங்கன்னு கேட்டா நான் யார் மூஞ்சியைக் காட்டுவேன்?"

"பென் டிரைவ்ல போட்டு சீல் வச்சிருங்களேன்."

"பென் டிரைவ்ல கையெழுத்துப் போட முடியுமா மேடம்? உறுப்பினர்க எல்லாரும் பார்த்ததுக்கு அத்தாட்சி வேணும். முப்பது வருஷமா இப்படித்தான் நடக்கு. காப்பியடிச்ச பிட்டைக்கூட நாம பேப்பர்ல ஒட்டித்தான கையெழுத்துப் போடுதோம்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடைமுறை என்று ஒன்று இருந்தால் அதைப் பின்பற்றுவதே நல்லது என்றேன். என் விடுப்பு விஷயத்தில் நடைமுறையைத்தானே காட்டினார்கள்.

டிசம்பர் 11, புதன்

அலுவலகத்துக் கலர் பிரிண்டரில் மை இல்லை. தனுஷ்கோடி படத்தைக் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய், உறுப்பினருக்கு ஒன்று, முதல்வருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று என்று அடித்துக் கொண்டுவந்தார். பழுப்பு உறையில். உறையின் மேல் 'ரகசியம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். கடையில் கூட்டமா என்று கேட்டேன். "கரெஸ்பாண்டன்ஸ் அப்ளிகேஷன் போட வந்த பிள்ளைகதான் சார், ஏழெட்டு. நான் மறைச்சிக்கிட்டுதான் நின்னேன்" என்றார்.

ஒவ்வொரு படியிலும் மூவரும் கையெழுத்துப் போட்டோம். பின்பக்கம் போட்டால் போதும் என்றார் ரோஸ்லின். பின்பக்கம் போட்டால் முன்பக்கப் படம் இதுதான் என்று எப்படித் தெரியும் என்று தனுஷ்கோடி கேட்டார். நியாயமான கேள்வி. ரோஸ்லின் ஒரு வெள்ளைத்தாளால் படத்தை மூடிக்கொண்டு கீழே கையெழுத்திட்டார். நான் என் வழக்கப்படி முழுக் கையெழுத்து, பெயர், பதவி, தேதி. ஓரத்தில் கல்லூரியின் வட்ட முத்திரை விழுந்தது.

"சார், நீங்க ஆப்டிக்ஸ் நடத்துறவங்க. இது பொய்யின்னு ஒரு வரி எழுதிருவோம். எனக்கு அந்தப் படிப்பு இல்ல. உங்களுக்கு இருக்கு. நீங்க சொன்னா எடுபடும்" என்றார் ரோஸ்லின்.

அது நம் அதிகார வரம்பில் வராது, தடய அறிவியல் ஆய்வகம் சொல்ல வேண்டியது என்றேன். அவர் வாதாடினார். தனுஷ்கோடி என் பக்கம். இரண்டுக்கு ஒன்று. கடைசியில் நானே வாக்கியத்தை அமைத்துக் கொடுத்தேன்: 'படத்தின் உண்மைத்தன்மை குறித்து இக்குழுவால் கருத்துக் கூற இயலவில்லை.'

சுத்தமான வாக்கியம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. தன் எதிர்க்கருத்தைத் தனியே எழுதி வைத்தார் ரோஸ்லின். அது இணைப்பில் போய்விட்டது. இணைப்பை யார் படிக்கிறார்கள்?

டிசம்பர் 13, வெள்ளி

ஜனவரி 8 அன்று நிர்வாகக் கூட்டம். அதற்குள் படம் பொய் என்று காட்டினால் சண்முகவடிவு தலைவராகத் தொடரலாம். இல்லாவிட்டால் 'பெயர் தெளியும்வரை' ஒதுங்கி இருக்க வேண்டுமாம்.

மாலையில் அவரிடமிருந்து செய்தி. "சார், அந்த ஒரிஜினல்." அவ்வளவுதான். பதில் எழுதத் தொடங்கினேன். சுண்டல் வாங்கி வரச் சொன்னாள் உலகம்மாள்.

டிசம்பர் 19, வியாழன்

எழுதவே கை வரவில்லை. அந்தத் தாள் வெளியே போய்விட்டது. உறையிலிருந்தா, கடையிலிருந்தா, அலுவலகத்திலிருந்தா, யாருக்கும் தெரியாதாம். யாரோ அதைப் போனில் படம் எடுத்திருக்கிறான். ஊர்க் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. கல்லூரி முத்திரை, மூன்று கையெழுத்து. 'கல்லூரியே உறுதி செய்த படம்' என்று மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

என் கையெழுத்துதான் நடுவில், தெளிவாக. எனக்கு அழகான கையெழுத்து என்று சிறு வயதிலிருந்து பெயர்.

செல்வின் வந்தான். "சார், ஒண்ணாம் தேதி நீங்க எனக்கு அனுப்பிச்சப்பக்கூட நான் நம்பல, எவனோ கம்ப்யூட்டர்ல பண்ணிருக்கான்னுதான் நெனச்சேன். இப்ப என்னன்னா சீலோட வந்திருச்சே!" என்று சிரித்தான். சத்தமாகப் பேசாதே என்றேன். தகவலுக்காக ஒரு சக ஊழியனுக்கு அனுப்புவது வேறு, பரப்புவது வேறு. அவன் யாருக்கு அனுப்பினான் என்பது அவன் பாடு.

தனுஷ்கோடிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. எனக்கு இல்லை.

டிசம்பர் 27, வெள்ளி

உலகம்மாள் மார்க்கெட்டிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"ஏங்க, அந்தப் படத்துல உங்க கையெழுத்து இருக்காமே?"

"அது விசாரணை ஆவணம்."

"படத்துக்குக் கீழயா போட்டீங்க?"

"நடைமுறை தெரியாமப் பேசாத."

"வடிவு டீச்சர் நம்ம அபிதா பெரிய மனுஷி ஆனப்ப வந்து சீலை வச்சுக் குடுத்த பொம்பளை. தக்காளிக் கடையில நாலு பேரு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசுறாளுக. நான் எங்கிட்டுப் பாக்க?"

தக்காளிக் கடைக்குப் பதில் சொல்ல நான் படிக்கவில்லை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். இரவு ரசத்தில் உப்பு இல்லை. வேண்டுமென்றுதான்.

ஜனவரி 3, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து அபிதா கூப்பிட்டாள். விவசாயக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வழக்கமாக அம்மாவிடம் பேசிவிட்டுப் போகிறபோக்கில் என்னிடம் இரண்டு வார்த்தை. இன்று நேராக எனக்கே.

"அப்பா, ஒரு படம் வந்துச்சு. கூடப் படிக்கிற கோவில்பட்டிப் பிள்ளை காட்டுனா. உங்க ஊர்க் காலேஜ்தானேன்னு."

"அதையெல்லாம் நீ பாக்கக் கூடாது."

"கையெழுத்தைத்தான்ப்பா பாத்தேன். என் ராங்க் கார்டுல எல்லாம் இருக்குமே, அதே கையெழுத்து."

"குழுவுல மூணு பேரு..."

"அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"அதை ஆய்வகம்தான் சொல்லணும்மா."

"ஆய்வகத்தைக் கேக்கல. உங்களைக் கேக்கேன்."

சட்டென்று எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது, வயதானால் உனக்கே புரியும் என்றேன். ஹாஸ்டல் பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நான் முன்னாடி வாட்ஸப் டி.பி.யா வைப்பனே ஒரு போட்டோ, சூரியகாந்தித் தோட்டத்துல எடுத்தது, அதை எல்லா இடத்துலயும் எடுத்துட்டேன்ப்பா. இங்க ஹாஸ்டல்ல நெறையப் பேரு எடுத்துட்டாளுக." வைத்துவிட்டாள்.

ஜனவரி 8, புதன்

நிர்வாகக் கூட்டம். குழு உறுப்பினர் என்ற முறையில் என்னையும் ரோஸ்லினையும் உட்காரச் சொன்னார்கள்.

சண்முகவடிவு தனியாக வந்தார். கணவர் வெளியே காரில் இருந்தார். கையில் இருந்தது துறைக் குழுவிலிருந்து எடுத்த சுருங்கிய படம். அதைத் திரையில் போட்டு, வெள்ளைப் பலகையில் ஒரு ஜன்னல், ஒரு முகம், ஒரு உடம்பு வரைந்து வெளிச்சத்தை விளக்கினார். முதலாண்டுக்கு நடத்துவதுபோல. மூக்கின் நிழல் இந்தப் பக்கம், கழுத்தெலும்பின் நிழல் அந்தப் பக்கம். சங்கிலி எங்கே போகிறது என்று கேட்டார். ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை. சங்கிலியை நான் கவனித்ததுபோலவே அவரும் கவனித்திருந்தார்.

நிர்வாகச் செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்லயும் பொம்பளப் பிள்ளைக இருக்கு. ஆனா நாம வச்ச குழுவே கருத்துக் கூற இயலவில்லைன்னுல்லா எழுதியிருக்கு. பெத்தவுக வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

"நிழலைக் காட்டுங்க சார்."

"எனக்கு அது புரியாதே டீச்சர்." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். மேடம் சொல்லுற வெளிச்ச விஷயம் சரிதானா? நீங்க சரின்னா, இப்பவே அறிக்கையைத் திருத்தி எழுதி முடிச்சிருவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த அறையில் என் கருத்தை யாரும் கேட்டதில்லை. விடுப்புக் கடிதம் கொடுத்தபோது என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்த அறை அது.

"அது ஒரு வாதம். உறுதி செய்ய ஆய்வக அறிக்கை வரணும்" என்றேன்.

"அது வர ஆறு மாசம் ஆகும் சார்" என்றார் ரோஸ்லின், என்னைப் பார்க்காமல்.

சண்முகவடிவு பலகையைத் துடைத்தார். மூலை வரை சுத்தமாக. டஸ்டரை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கையிலிருந்த மைத்தூளைப் புடவையில் படாமல் தட்டிக்கொண்டார்.

நடையில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். "யாரோ ஒரு பொறுக்கி பண்ணான் சார். அவனை எனக்குத் தெரியாது, அவனுக்கும் என்னைத் தெரியாது. அதைக்கூடத் தாங்கிக்கிடலாம். பழைய போன்ல தேடுனீங்களா?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன் மேடம்."

"தேடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பொய் என்று தெரிந்தும்தான் ஒதுக்கினார்கள். ஆகவே நான் ஒரு வரி எழுதியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இதை இங்கே குறித்து வைப்பது அவசியம்.

ஜனவரி 10, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. துறைத் தலைவர் பொறுப்பு எனக்கு. சண்முகவடிவு நீண்ட விடுப்பில். அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது, எண்ணெய் விடச் சொல்ல வேண்டும்.

மதியம் இரண்டாமாண்டு ஆய்வக வகுப்பு. ஒரு பெண் கருவியை மிக நன்றாக அமைத்திருந்தாள், மற்றவர்களுக்குக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எடுக்க இருந்தது கருவியை.

செல்வின் வாழ்த்துச் சொல்ல மைசூர்பாக்கோடு வந்தான். சர்க்கரை இருக்கிறது என்றேன். விட்டுவிட்டுப் போனான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அபிதா நேற்றுக் காலை வந்தாள். அம்மாவோடு கோலம் போட்டாள், கரும்பு தின்றாள், சிரித்தாள். நான் வந்தால் பேச்சு நின்றது. பானை பொங்கிய பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"போனைக் குடுங்கப்பா."

"எதுக்கு?"

"என் போட்டோ எல்லாத்தையும் அழிக்கப் போறேன்."

"அப்பன் போன்ல மக படம் இருந்தா என்ன தப்பு?"

"வடிவு மேடம் படமும் உங்க போன்லதான இருந்துச்சு."

"நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு?" என்று உலகம்மாளைப் பார்த்தேன். பதிலுக்கு அவள், "குடுத்திருங்க" என்றாள்.

கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள். கொல்லை வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்வாடி மாறுவேடப் போட்டியில் டாக்டர் வேஷம் போட்டது, கழுகுமலையில் பல் விழுந்த சிரிப்பு, பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று கேக் அப்பிய முகம். ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒருமுறை நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எந்தப் படத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஜனவரி 16, வியாழன்

காலை பஸ்ஸுக்கு அபிதா போய்விட்டாள். ஸ்டாண்ட் வரை வருகிறேன் என்றேன், அம்மா வருகிறாள் என்றாள்.

அறையில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். அவள் படம் ஒன்றுகூட இல்லை. அழித்ததைத் திரும்ப எடுக்கும் இடத்தையும் காலி செய்திருக்கிறாள். ஆயுத பூஜைப் படத்தையும் மற்றதையும் மட்டும் தொடவில்லை. இடையில் இருந்த அவளுடைய தீபாவளிப் படங்கள் போய்விட்டதால் இரண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.